இசியு போய்விட்டதா, அதற்குப் போகும் ஒயர் போய்விட்டதா?

செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. பழுதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் இணைப்பே கிடைக்கவில்லை. "இசியு போச்சு சார், மாத்தணும்" என்று தீர்ப்பு வருகிறது, கூடவே பயமுறுத்தும் ஒரு தொகையும் வருகிறது. இசியு என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. இப்படிக் குற்றம் சாட்டப்படும் பெட்டி பல நேரம் நல்ல பெட்டியாகத்தான் இருக்கும். அதற்குப் போக வேண்டிய கரண்ட் போயிருக்காது. இல்லையென்றால் எர்த் சரியாகப் பிடித்திருக்காது, அல்லது ஏதோ ஒரு சென்சாரின் ஒயர் எங்கோ உரசி அறுந்திருக்கும். இதை ஒரு மல்டிமீட்டரை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்தப் பெட்டி ஒயர்கள் வழியாக என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதை முதலிலிருந்து சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு எல்லையை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசப்போவது சாதாரண நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், அதாவது நாம் எம்பிஎஃப்ஐ என்று சொல்லிப் பழகிய வகை. இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் என்ற தனித்தனி பாகம் பெட்ரோலைத் தெளிக்கும். காமன் ரெயில் டீசல், நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளில் இன்ஜெக்டர் ஒயரில் 60 வோல்ட்டுக்கும் மேலே போகும். அங்கே டெஸ்ட் லாம்பை வைத்துக் குத்திப் பார்க்கக் கூடாது. ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு நிறக் கேபிள்களையும், ஏர்பேக்கின் மஞ்சள் நிறக் கப்ளர்களையும் (ஒயர்களை இணைக்கும் சொருகிகள்) கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர் தொடவே வேண்டாம்.

பெட்டிக்குள் நடப்பது

மின்னணு முறையில் பெட்ரோலை அளந்து தெளிப்பது 1967-இல் போக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் மூலம் பெரிய அளவில் சந்தைக்கு வந்தது. பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் ஒரே டிஜிட்டல் பெட்டி பார்த்துக்கொள்ளும் மோட்ரானிக், 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. நம் ஊரில் இது பரவலானது 1990-களின் கடைசியில்தான். 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோ எம்பிஎஃப்ஐ இன்ஜினோடுதான் வந்தது. அதை ஒட்டி வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கார்புரேட்டரைக் கார்களிலிருந்து கிட்டத்தட்ட துடைத்து எடுத்தன.

அன்று முதல் இன்று வரை பெட்டியின் அடிப்படை வேலை மாறவில்லை. ஒரு பக்கம் ஒயர்களில் வரும் வோல்டேஜைப் படிக்கிறது. நடுவே கணக்குப் போடுகிறது. மறுபக்கம் சில ஒயர்களைச் சரியான நேரத்துக்கு எர்த்தோடு இணைத்து விடுவிக்கிறது. சென்சார் வெப்பத்தை அளக்கிறது, அழுத்தத்தை அளக்கிறது என்று நாம் சொல்கிறோம். பெட்டிக்கு வெப்பமும் தெரியாது, அழுத்தமும் தெரியாது. அதற்குத் தெரிவது வோல்டேஜ் மட்டும்தான். ஒயரில் வோல்டேஜ் தவறாக வந்தால், சென்சார் நன்றாக இருந்தாலும் பெட்டி தவறான முடிவைத்தான் எடுக்கும். இது மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

முதலில் சோறு, பிறகு வேலை

இசியுவுக்கு வழக்கமாக மூன்று வகை மின் இணைப்பு உண்டு. பேட்டரியிலிருந்து ஒரு ஃப்யூஸ் வழியாக எப்போதும் வந்துகொண்டிருக்கும் பிளஸ் ஒன்று. சாவியை ஆன் செய்தால் மட்டும் வரும் பிளஸ் இன்னொன்று. பிறகு எர்த், அதுவும் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பின்களில். ஐரோப்பிய ஒயரிங் படங்களில் இவை 30, 15, 31 என்ற எண்களோடு இருக்கும்.

இவற்றுக்கு நடுவே மெயின் ரிலே என்று ஒரு மின்காந்த ஸ்விட்ச் இருக்கிறது. பல கார்களில் நடக்கும் வரிசை இது. சாவியைத் திருப்பியதும் ஒரு சின்ன ஒயர் வழியாக இசியு விழித்துக்கொள்கிறது. விழித்தவுடன் மெயின் ரிலேயின் காயிலை எர்த் செய்கிறது. ரிலே டிக் என்று ஒட்டுகிறது. அதன் பிறகுதான் இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் எல்லாவற்றுக்கும் முழுக் கரண்ட் போகிறது. சாவியை அணைத்த பிறகும் இசியு சில நொடிகள் அந்த ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும், கற்று வைத்த அளவுகளை நினைவகத்தில் எழுதி முடிப்பதற்காக. அதனால்தான் சாவியை அணைத்த கையோடு பேட்டரியையோ இசியு கப்ளரையோ கழற்றக் கூடாது என்கிறார்கள். ஒரு நிமிடமாவது விட்டுக் கழற்றுவது நல்லது.

கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய முதல் சோதனை இங்கேயே இருக்கிறது. சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டாஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும். எரிந்தால் பெட்டி விழித்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். எரியவே இல்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால் பெட்டி தூங்குகிறது. தூங்குகிற பெட்டியைச் செத்துப்போனதாக முடிவு கட்டக் கூடாது. ஃப்யூஸ், மெயின் ரிலே, எர்த் என்ற வரிசையில் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இங்கேதான் புதிதாகக் கற்பவர்கள் மட்டுமல்ல, அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். கப்ளரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைக்கிறார்கள், 12.4 வோல்ட் காட்டுகிறது, "கரண்ட் இருக்கு" என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒயரிலிருந்து கிட்டத்தட்டக் கரண்டே எடுப்பதில்லை, அதன் உள் தடை சுமார் 1 கோடி ஓம். ஒரு ஒயரின் இழைகள் எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட்டைத்தான் காட்டும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும், குழாயைத் திறக்காதவரை கீழே அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்த பிறகுதான் அடைப்பு தெரியும். ஒயரும் அப்படித்தான், கரண்ட் ஓடும்போதுதான் அதன் குறை வெளியே வரும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எர்த் போல்ட்டில் துரு ஏறி 0.2 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால் இது பிடிபடாது, ஏனென்றால் மீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே அவ்வளவு தடை உண்டு. ஆனால் அந்த எர்த் வழியாக 5 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் அங்கேயே தின்னப்பட்டுவிடும். இசியுவுக்குக் கிடைக்க வேண்டிய வோல்டேஜில் 1 குறைந்துவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10 வோல்ட்டை ஒட்டி இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் இந்த 1 வோல்ட் பெரிய இழப்பு.

ஆகவே கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். இன்ஜின் ஓடுகிறது, லைட், ஃபேன் எல்லாம் போட்டிருக்கிறது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் சிவப்பு முனையை இசியுவின் எர்த் பின்னிலும் வையுங்கள். இரண்டும் ஒரே எர்த் என்பதால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.1 வோல்ட் வரை இருந்தால் விட்டுவிடலாம். 0.3, 0.5 என்று ஏறினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பிளஸ் பக்கமும் இதே மாதிரிதான், பேட்டரி பிளஸுக்கும் இசியுவின் பிளஸ் பின்னுக்கும் நடுவே அளக்க வேண்டும்.

இன்ஜின் ஓடவே இல்லை என்றால்? அதற்கு வழி 21 வாட் இண்டிகேட்டர் பல்ப். இசியு கப்ளரைக் கழற்றிவிட்டு, ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) பக்கத்து பிளஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அந்தப் பல்பை மாட்டுங்கள். மெயின் ரிலே வழியாக வரும் பிளஸ் இசியு இல்லாமல் வராது, அதற்கு ரிலேயை வேறு வழியில் ஒட்டவைக்க வேண்டும். ஆனால் எப்போதும் வரும் பிளஸையும் எர்த்களையும் இப்படியே சோதித்துவிடலாம். பல்ப் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் எடுக்கும். பளிச்சென்று எரிந்தால் அந்த இரண்டு ஒயரும் நல்ல ஒயர். மங்கினால் அந்த ஒயர் நோயாளி, மீட்டர் என்ன காட்டினாலும் சரி. என்னைக் கேட்டால், இந்த வேலை கற்க வருபவர் முதலில் வாங்க வேண்டியவை நல்ல மல்டிமீட்டரும் இந்தப் பல்பும்தான். ஸ்கேனர் அதற்குப் பிறகு வரட்டும்.

பல்பைப் பிளஸ், எர்த் ஒயர்களில் மட்டும் பயன்படுத்துங்கள். சென்சார் சிக்னல் பின்னில் வைத்தால், அதில் ஓடும் கரண்ட் இசியுவின் உள்பாகங்களை எரித்துவிடக்கூடும். நல்ல பெட்டி நம் கையாலேயே போய்விடும்.

5 வோல்ட் என்ற அளவுகோல்

பேட்டரி வோல்டேஜ் ஓரிடத்தில் நிற்பதில்லை. நின்ற வண்டியில் 12.6, ஓடும் வண்டியில் 14-ஐ ஒட்டி, செல்ஃப் அடிக்கும்போது 10. இப்படி ஆடுகிற ஒன்றை வைத்து எதையும் அளக்க முடியாது. அதனால் இசியு தனக்குள்ளேயே துல்லியமான 5 வோல்ட்டை உருவாக்கிச் சென்சார்களுக்கு அனுப்புகிறது. மூன்று ஒயர் கொண்ட சென்சார் என்றால் பொதுவாக ஒன்று 5 வோல்ட், ஒன்று சென்சார் எர்த், ஒன்று சிக்னல். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இந்த வகை.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் கூலன்ட் வெப்பச் சென்சாரில் இரண்டே ஒயர்தான். இசியு எப்படிச் சிந்திக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் தடை குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம். இசியுவுக்கு உள்ளே 5 வோல்ட்டுக்கும் சிக்னல் ஒயருக்கும் நடுவே ஒரு நிலையான தடை இருக்கிறது. அது 2,200 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தடைகளும் தொடராக நிற்கின்றன, 5 வோல்ட் இரண்டுக்கும் பங்காகப் பிரிகிறது. இசியு படிப்பது நடுவே இருக்கும் வோல்டேஜை. 20 டிகிரியில் அது சுமார் 2.7 வோல்ட், 80 டிகிரியில் சுமார் 0.63 வோல்ட். இந்த எண்ணை ஒரு அட்டவணையில் தேடி இசியு வெப்பத்தைத் தெரிந்துகொள்கிறது.

இப்போது சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் ஓட வழியில்லை, வோல்டேஜ் பங்கு பிரியவில்லை, இசியு முழு 5 வோல்ட்டைப் பார்க்கிறது. அட்டவணையில் அது தாங்க முடியாத குளிர். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பல வண்டிகளில் மைனஸ் 40 டிகிரி என்று வரும். நம் ஊர் வெயிலில் நிற்கும் காரில் மைனஸ் 40 தெரிந்தால், எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

அடுத்து, கழற்றிய கப்ளரின் இரண்டு பின்களையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். வோல்டேஜ் பூஜ்யம், அதாவது கடும் சூடு. லைவ் டேட்டாவில் 130 டிகிரிக்கும் மேலே காட்டும். சில வண்டிகளில் இசியு தவறைக் கண்டுகொண்டு ஒரு மாற்று எண்ணைப் போட்டுவிடும். அப்போது டிகிரியை விட்டுவிட்டு வோல்டேஜைப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு சோதனையும் சரியாக வந்தால் என்ன தெரிந்துவிட்டது என்று யோசித்துப் பாருங்கள். இசியு 5 வோல்ட்டை அனுப்புகிறது, சிக்னல் ஒயர் முழுதாக இருக்கிறது, சென்சார் எர்த் ஒயரும் முழுதாக இருக்கிறது, இசியு அதைப் படிக்கவும் செய்கிறது. மீதம் இருப்பது சென்சார் மட்டும்தான், அதை மாற்றலாம். கழற்றினால் மைனஸ் 40 வருகிறது, இணைத்தாலும் மைனஸ் 40-லேயே நிற்கிறது என்றால் சென்சாரை மாற்றிப் பயனில்லை. ஒயரைத்தான் தேட வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எத்தனை சென்சார்கள் வீணாக வாங்கப்படுகின்றன என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சென்சார் எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். அது பாடியில் இருக்கும் எர்த் கிடையாது. இசியுவுக்குள்ளேயே திரும்பிப் போகும் தனி ஒயர். அறுந்துபோன சென்சார் எர்த்துக்குப் பதிலாகப் பக்கத்து போல்ட்டில் ஒரு எர்த் அடித்துவிடும் பழக்கம் உண்டு. வண்டி அப்போதைக்கு ஓடும். ஆனால் இசியுவின் மெயின் எர்த் கொஞ்சம் மோசமாகி, பாடியைவிட 0.3 வோல்ட் மேலே நின்றால், மேலே சொன்ன சென்சாரின் 0.63 வோல்ட் இசியுவுக்கு 0.37 வோல்ட்டாகத் தெரியும். 80 டிகிரியில் இருக்கும் இன்ஜின் 100 டிகிரியைத் தொட்டுவிட்டதாக அது நினைக்கும். ரேடியேட்டர் ஃபேன் காரணமில்லாமல் ஓடும், பெட்ரோல் கணக்கும் மாறும். பிறகு யாரோ தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள்.

5 வோல்ட் ஒயரிலும் ஒரு வினோதம் உண்டு. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாவற்றின் 5 வோல்ட்டும் விழுந்துவிடும். சில கார்களில் இசியுவே மயங்கிவிடும், செக் இன்ஜின் லைட் எரியாது, ஸ்கேனரும் பேசாது. பார்ப்பவருக்கு அச்சு அசலாக இசியு செத்த மாதிரியே இருக்கும். சாவியை ஆன் செய்து 5 வோல்ட் ஒயரில் மீட்டரை வைத்துக்கொண்டு, மூன்று ஒயர் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் அந்த ஒயர் எங்கோ எர்த்தில் ஒட்டியிருக்கிறது.

கோடு சொல்வதும் சொல்லாததும்

கார் தன் பழுதைத் தானே கண்டு கோடு என்ற பழுதுக் குறியீடாகப் பதிந்து வைப்பது ஓபிடி-2 முறை. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமான இந்த முறை, இந்தியாவில் 2013 முதல் கார்களுக்குக் கட்டாயமானது. ஸ்டியரிங் பக்கத்தில் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 பின் கப்ளர் இதற்குத்தான். அதில் 16-ஆவது பின் பேட்டரி பிளஸ், 4-உம் 5-உம் எர்த். ஸ்கேனரில் விளக்கே எரியவில்லை என்றால் இந்த மூன்று பின்களை முதலில் அளக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு ஃப்யூஸ்தான் போயிருக்கும்.

கோடில் முதல் எழுத்து பி என்றால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. யு என்றால் பெட்டிகளுக்கு இடையேயான பேச்சு. அடுத்த இலக்கம் பூஜ்யம் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் பொதுவாக அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. பி0118 என்பது கூலன்ட் வெப்பச் சென்சார் சர்க்யூட்டில் சிக்னல் அதிகம். புதியவர் இதைப் பார்த்து இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது என்று நினைத்துவிடுவார். அதிகம் என்பது வோல்டேஜ். வோல்டேஜ் 5-ஐ ஒட்டி நிற்கிறது, அதாவது சர்க்யூட் திறந்திருக்கிறது, ஒயர் அறுந்திருக்கலாம், கப்ளர் கழன்றிருக்கலாம். பி0117 என்றால் வோல்டேஜ் குறைவு, ஒயர் எர்த்தில் ஒட்டியிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சென்சாரின் பெயர்தான், ஆனால் தேட வேண்டிய பழுது நேர் எதிரானது.

கோடு ஒரு சர்க்யூட்டைக் காட்டுகிறதே தவிர ஒரு பொருளை வாங்கச் சொல்வதில்லை. பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது, அவ்வளவுதான். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று நுழைந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம். செய்தி சொன்னவனைக் கழற்றி எறிந்தால் செய்தி மாறாது.

பல கோடுகள் ஒன்றாக வந்தால் பதற வேண்டாம். அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒயரிங் படத்தில் பாருங்கள். ஒரே ஃப்யூஸ், ஒரே எர்த் போல்ட், ஒரே 5 வோல்ட் என்று ஏதோ ஒன்றில் வந்து சேரும். கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது பதிவான நொடியில் இன்ஜின் எவ்வளவு சூடு, என்ன வேகம், எவ்வளவு லோடு என்று அதில் இருக்கும். செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டுவதை நிறுத்துங்கள். சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பதற்கு அது அடையாளம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில்

இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஸ்கேனர் பேசுகிறது. லைவ் டேட்டாவில் ஆர்பிஎம்மைத் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். 200-ஐ ஒட்டி ஏதாவது எண் வர வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால், இன்ஜின் சுற்றுகிறது என்பதே இசியுவுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது அது ஸ்பார்க்கும் தராது, பெட்ரோலும் தராது.

அதைச் சொல்ல வேண்டியது கிராங்க் சென்சார். பல இன்ஜின்களில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கோடு சுற்றும் சக்கரத்தில் 60 பற்களுக்கான இடம் இருக்கும், அதில் 2 பற்களை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளி கடக்கும்போது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இசியு தெரிந்துகொள்கிறது. சூடானால் நின்று, ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இந்தச் சென்சாரை நான் முதலில் சந்தேகிப்பேன். சூட்டில் உள்ளே இருக்கும் காயில் விரிந்து தொடர்பு விட்டுப்போவது வழக்கமான பழுது. ஆறின பிறகு அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஆகவே சூட்டோடு சூடாக அளக்க வேண்டும்.

ஆர்பிஎம் வருகிறது என்றால் இன்ஜெக்டருக்குப் போவோம். இதன் இரண்டு ஒயர்களில் ஒன்றில் சாவி ஆனில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். மற்றது இசியுவுக்குப் போகும். இசியு அந்த ஒயரைச் சில மில்லி நொடிகளுக்கு எர்த் செய்யும்போது மட்டும் இன்ஜெக்டர் திறக்கும். நான்கு இன்ஜெக்டருக்கும் பிளஸ் இல்லை என்றால் ரிலே, ஃப்யூஸ். நான்கிலும் பிளஸ் இருந்து ஒன்றில் மட்டும் துடிப்பு இல்லை என்றால் அந்த ஒரு ஒயர், அல்லது இசியுவுக்குள் அந்த ஒயரை இயக்கும் டிரான்சிஸ்டர். துடிப்பைப் பார்க்க எல்இடி வைத்த டெஸ்ட் லாம்பைக் கப்ளரில் மாட்டிச் செல்ஃப் அடித்தால் போதும், மின்னும். இன்ஜெக்டரின் தடை இந்த வகையில் பொதுவாக 12 முதல் 16 ஓம்.

பெட்டிகளின் பேச்சு

இன்றைய காரில் இன்ஜினுக்கு ஒரு பெட்டி, ஏபிஎஸ்ஸுக்கு ஒன்று, டாஷ்போர்டுக்கு ஒன்று. இவை பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு ஒயர்களில், பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் முறையில். இரண்டு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி கப்ளரின் 6-க்கும் 14-க்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டியிருக்கின்றன. சில கார்களில் நடுவே கேட்வே என்று ஒரு பெட்டி இருக்கும், அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

கையில் இருக்க வேண்டிய நிதானம்

ஒயரிங் படம் இல்லாமல் இசியு பின்களில் கை வைக்கக் கூடாது. ஒயர் நிறத்தை நம்பக் கூடாது, ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் மாறும். பின் எண்ணைப் படிக்கும்போது படம் கப்ளரின் முகத்தைக் காட்டுகிறதா, ஒயர் நுழையும் முதுகைக் காட்டுகிறதா என்று பாருங்கள். இடம் வலம் மாறிவிட்டால் அளப்பதெல்லாம் பொய். மீட்டரின் தடித்த முனையைப் பெண் பின்னுக்குள் அழுத்தினால் அது விரிந்துவிடும், இல்லாத ஒரு பழுதை நாமே உருவாக்கிவிடுவோம். கப்ளரின் முதுகுப் பக்கம் ஒயரை ஒட்டி மெல்லிய ஊசியை நுழைத்து அளப்பதே முறை. ஒயரின் தோலைக் குத்தாதீர்கள். அந்தத் துளை வழியே ஈரம் நுழைந்து பச்சைக் களிம்பு பிடிக்கும்.

எலி கடித்த ஹார்னஸைத் திறந்தால் ஒன்றிரண்டு ஒயர்தான் அறுந்த மாதிரி தெரியும். பக்கத்து ஒயர்களில் தோல் மட்டும் போய் செம்பு பளபளக்கும், அவையும் நாளை ஒட்டிக்கொள்ளும். டேப்பை இரண்டு பக்கமும் நன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒட்டும்போது வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். அளவான ஸ்லீவ் போட்டு அழுத்தி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுவது இன்ஜின் அதிர்வில் நீண்ட நாள் நிற்கும். ஈயம் வைத்தால் அது ஒயருக்குள் ஊறி இறுகி, அந்த விளிம்பில் பிறகு முறியும் என்பதால் நான் அழுத்துவதையே விரும்புகிறேன்.

விட்டுவிட்டு வரும் பழுதுக்கு ஒரு எளிய உத்தி. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, லைவ் டேட்டாவைப் பார்த்துக்கொண்டே ஹார்னஸைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போங்கள். எண் குதிக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

உண்மையிலேயே பெட்டி போயிருந்தால்

இசியு சாகவே சாகாது என்று சொல்லவில்லை. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலோ, கப்ளரைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் அடித்தாலோ, தண்ணீர் புகுந்தாலோ போகும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நின்ற கார்கள் போல மூழ்கிய வண்டியில் சாவியை ஆன் செய்து பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. ஈரப் பலகையில் கரண்ட் பாய்ந்தால் செம்புத் தடங்கள் அரித்துப்போகும். பேட்டரியைக் கழற்றி, பெட்டியை வெளியே எடுத்து, திறந்து கழுவி உலர்த்தத் தெரிந்தவரிடம் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

எல்லா பிளஸும் எர்த்தும் பல்ப் சோதனையில் தேறி, 5 வோல்ட்டை எந்தச் சென்சாரும் இழுக்கவில்லை என்று உறுதியாகி, உள்ளே வரும் சிக்னல் எல்லாம் சரியாக இருந்தும் வெளியே போக வேண்டிய துடிப்பு மட்டும் வரவில்லை என்றால் அப்போது பெட்டியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் அது ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டக் கூடாது. உள்ளே ஷார்ட் ஆன இக்னிஷன் காயிலோ இன்ஜெக்டரோ அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து அந்த டிரான்சிஸ்டரை எரித்திருந்தால், அதே காயில் புதுப் பெட்டியையும் எரிக்கும். ஒவ்வொரு காயிலையும் இன்ஜெக்டரையும் அளந்துவிட்டு, ஆல்டர்னேட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளவில்லை என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். பழைய பெட்டியின் பார்ட் நம்பரும் புதியதின் நம்பரும் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில் புதுப் பெட்டிக்குச் சாவியை அறிமுகம் செய்து வைக்கும் வேலை தனியாக இருக்கிறது, அது முடியாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பெட்டியை வாங்குவதற்கு முன்பே அதை யார் செய்து தருவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.